வலிக்கிறது என்றால் வலிக்கிறது

அரிவாள் செல் நோய் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில். சினிமாவும் அரசியலும் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்; அவை எங்கும் போய்விடாது.

கல்லூரி மாணவி, வேலூர்

கே: அரிவாள் செல் நோய் என்றால் என்ன? பரீட்சைக்கு இல்லை, புரிந்துகொள்ளத்தான்.

ப: புரிந்துகொள்ளக் கேட்பவருக்குப் பதில் சொல்வதே தனி ருசி. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அங்கே வேலின் உட்கார்ந்திருக்கிறது. ஆக்ஸிஜனை இறக்கி வைத்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நார் நாராகின்றன. வட்டச் சிவப்பணு அரிவாளாக வளைகிறது. 145 சரி, ஒன்று தப்பு. ஆனாலும் ஃபெயில்!

லாரி டிரைவர், மேட்டுப்பாளையம்

கே: வளைந்தால் வளைந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஏன் உயிர் போகிற வலி?

ப: உங்களுக்குத் தெரிந்த கணக்குதான். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி குறுக்கே நின்றுவிட்டால் பின்னால் வருகிற பஸ், கார், ஆம்புலன்ஸ் அத்தனையும் அம்பேல். நுண்ணிய ரத்தக்குழாயில் வளைந்த அணு சிக்கினாலும் அதே கதை. அப்பால் இருக்கும் எலும்புக்கு ஆக்ஸிஜன் வராது. ஆக்ஸிஜன் இல்லாத எலும்பு எழுப்பும் கூச்சல்தான் அந்த வலி.

போதாக்குறைக்கு, நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாளில் உடைந்துபோகும். அதனால் சோகையும் சேர்ந்துகொள்ளும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கே: இந்த நோயை முதலில் கண்டுபிடித்தவர் யார்?

ப: மருத்துவ ஏட்டில் முதலில் எழுதியவர் சிகாகோ டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், 1910-ல். நோயாளி, கரீபியன் தீவான கிரனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த மாணவர். நுண்ணோக்கியில் அந்த விசித்திர வடிவத்தை முதலில் கவனித்தது ஹெரிக்கின் உதவி டாக்டர் எர்னஸ்ட் அயன்ஸ்.

ஆனால் கண்டுபிடித்தவர்கள் என்றால் ஆப்பிரிக்கத் தாய்மார்கள். கானா நாட்டு டாக்டர் ஃபெலிக்ஸ் கொனோடே-அஹுலு தன் சொந்தக் குடும்பத்தில் இந்த நோயைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடிக்கொண்டு 1670 வரை போனார். சிகாகோ 240 வருஷம் லேட்!

வங்கி ஊழியர், சென்னை

கே: இது ஆப்பிரிக்க நோய்தானே? நமக்கு எதற்கு இத்தனை பக்கம்?

ப: ஊட்டிக்கு எத்தனை தடவை டூர் போயிருக்கிறீர்கள்? இந்தியாவில் அரிவாள் செல் இருக்கிறது என்று உலகுக்குத் தெரிந்ததே அந்த நீலகிரியில்தான். 1952-ல் லேமனும் கட்புஷும் அங்கே பழங்குடி மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். அதே வருஷம் அஸ்ஸாம் தேயிலைத் தொழிலாளர்களிடமும் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். 70 வருஷத்துக்கு மேலாகிறது. படகு சவாரி பார்த்தோம், பக்கத்து வீட்டைப் பார்க்கவில்லை.

வாசகர், சேலம்

கே: அப்படியானால் பழங்குடிகளுக்கு மட்டும் வரும் நோயா?

ப: அவர்களிடம் அதிகம். இருளர், பணியர், குறும்பர் என்று நீலகிரியில் பல சமூகங்களில் உண்டு. வயநாட்டில் செட்டிகளிடமும் இருக்கிறது. மகாராஷ்டிரம், ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், குஜராத் பக்கம் போனால் பழங்குடி அல்லாத பல சமூகங்களிலும் பார்க்கலாம். ஜீனுக்கு ஜாதிச் சான்றிதழ் தேவையில்லை.

மருத்துவ மாணவர், மதுரை

கே: இவ்வளவு கெடுதல் செய்யும் ஜீனை இயற்கை ஏன் இன்னும் விட்டு வைத்திருக்கிறது?

ப: மலேரியா! இந்த ஜீன் ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தால் நோய் வராது. கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கும். 1954-ல் ஆன்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து சொன்னார். மலேரியா அதிகமான இடங்களில் ஜீனும் அதிகம். கொசுவிடமிருந்து பிள்ளையைக் காக்கப்போய், பேரப்பிள்ளையிடம் வட்டி வசூலித்தது இயற்கை.

அதே மாணவரின் அறைத்தோழர், மதுரை

கே: அப்படியானால் அரிவாள் செல் நோயாளிக்கு மலேரியா வராது, சரியா?

ப: தப்பு, தம்பி. பாதுகாப்பு ஒரே ஒரு பிரதி உள்ள கேரியருக்கு. நோய் உள்ளவருக்கு மலேரியா வந்தால் அது உயிருக்கே உலை. கொசுவலையை மடித்து வைக்காதீர்கள்.

இல்லத்தரசி, சத்தியமங்கலம்

கே: என் ரிப்போர்ட்டில் ‘டிரெய்ட்’ என்று எழுதியிருக்கிறது. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ப: முதலில் சாப்பிடுங்கள், தாயே. டிரெய்ட் என்றால் நீங்கள் கேரியர். ஜீன் ஒன்று இருக்கிறது, நோய் இல்லை. சாதாரணமாக வாழலாம், வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம். கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மூச்சிரைக்க ஓடுவது மட்டும் வேண்டாம். வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுங்கள். அவர் ரிப்போர்ட் வரும்வரை கவலைக்கு விடுமுறை.

தந்தை, கோத்தகிரி

கே: நானும் மனைவியும் கேரியர். முதல் பிள்ளைக்கு நோய். ‘நாலில் ஒன்று’ என்றார்கள். ஒன்று வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்குமா?

ப: இப்படி நம்பி ஏமாந்த வீடுகள் பல. கருவுக்குக் கணக்கு நோட்டு கிடையாது. ஒவ்வொரு முறையும் நோய்க்கு 25 சதவீதம், கேரியருக்கு 50, இரண்டும் இல்லாமல் பிறக்க 25. முதல் பிள்ளைக்கு வந்தது இரண்டாவது பிள்ளைக்குத் தெரியாது.

அடுத்த கர்ப்பம் என்றால் ஆரம்ப வாரங்களிலேயே டாக்டரிடம் போங்கள். கருவைச் சோதிக்க வழி உண்டு. அதற்குப் பிறகு என்ன முடிவு என்பது உங்கள் இருவருக்கும் சொந்தம். மாமியாருக்கும் எனக்கும் அதில் ஓட்டு இல்லை.

இளம்பெண், கூடலூர்

கே: கேரியர் என்று தெரிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

ப: போகட்டும், நல்லதாயிற்று. கேரியர் பெண்ணுக்கும் எந்தக் குறையும் இல்லாத பையனுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வராது. ஆக, ரத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டியது பையன்தான். அதுவும் வெறும் கரைதிறன் சோதனை போதாது. அது கேரியரையும் நோயாளியையும் பிரித்துச் சொல்லாது. தலசீமியா கேரியரைக் கண்ணிலேயே காணாது. ஒருபக்கம் அரிவாள், மறுபக்கம் தலசீமியா என்றாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். ஹெச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து வருபவரிடம் காபிக்கு முன்னால் ரிப்போர்ட் கேளுங்கள்.

வினாடி வினா ரசிகர், திருச்சி

கே: லைனஸ் பாலிங்குக்கு நோபல் கிடைத்தது இந்த நோய்க்காகத்தானே?

ப: இல்லை. 1949-ல் ‘மூலக்கூறு நோய்’ என்று முதன்முதலாக ஒரு நோயை அடையாளம் காட்டியது அவருடைய குழு. அந்த நோய் இதுதான். மனிதர் தனியாக இரண்டு நோபல் வாங்கினார்: 1954-ல் வேதியியல், 1962-ல் அமைதி. இரண்டும் இதற்கு இல்லை!

தாய், பந்தலூர்

கே: ஒன்பது மாதக் குழந்தை. கை விரலும் கால் விரலும் கொழுக்கட்டை மாதிரி வீங்கி, தொட்டால் அலறுகிறது. ‘எங்கேயோ இடித்துக்கொண்டது’ என்கிறார்கள்.

ப: இரண்டு கையும் இரண்டு காலும் ஒன்றாகவா இடித்துக்கொள்ளும்? குழந்தைக்கு இந்த நோய் காட்டும் முதல் முகமே பல நேரம் இந்த வீக்கம்தான். பிறந்தபோது ஏன் இல்லை என்று கேட்பீர்கள். கருவிலிருந்து கொண்டுவந்த ஹீமோகுளோபின் எஃப் சில மாதம் காவல் காக்கிறது. அது குறையக் குறைய அரிவாள் வெளியே வருகிறது. இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்புங்கள். இந்தப் பதிலை மீதி படிக்கக்கூட நிற்காதீர்கள்.

தாய், மானந்தவாடி

கே: மண்ணீரலைத் தடவிப் பார்க்கச் சொன்னார் நர்ஸ். எங்கே, எப்படி?

ப: அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முழங்காலை லேசாக மடக்கினால் வயிறு இளகும். உங்கள் விரல் நுனிகளைத் தொப்புள் பக்கத்தில் வைத்து, இடது விலாவை நோக்கி மெல்ல மெல்ல மேலே நகர்த்துங்கள். பிள்ளை மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே ஏதாவது கெட்டியாக விரலில் வந்து முட்டுகிறதா? அதுதான் மண்ணீரல். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரல் கணக்கில் நினைவு வையுங்கள். நல்ல நாளிலும் பாருங்கள். அப்போதுதான் கெட்ட நாளில் வித்தியாசம் தெரியும்.

திடீரென்று அது பெரிதாகி, உதடும் உள்ளங்கையும் வெளுத்து, பிள்ளை துவண்டால், ரத்தம் முழுக்க மண்ணீரலுக்குள் போய்த் தேங்குகிறது என்று அர்த்தம். சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஓடுங்கள்.

ஜமைக்காவில் டாக்டர் கிரஹாம் சார்ஜன்ட்டின் குழு பெற்றோருக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தது. இந்த நெருக்கடியில் சாகும் குழந்தைகளின் விகிதம் பத்தில் ஒரு பங்காக இறங்கியது. ஸ்கேன் மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. அம்மாவின் நாலு விரல்!

தந்தை, ஈரோடு

கே: காய்ச்சல்தானே, பாரசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா?

ப: மற்ற பிள்ளைக்குப் பார்க்கலாம். இந்தப் பிள்ளைக்கு இல்லை. கிருமியைப் பிடிக்கும் மண்ணீரல் சின்ன வயதிலேயே செயலிழந்துவிடுகிறது. 101 டிகிரியைத் தாண்டினால் ராத்திரி 2 மணியானாலும் ஆஸ்பத்திரி. டாக்டரை எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம்; அதற்குத்தான் டியூட்டி.

அங்கன்வாடிப் பணியாளர், தாளவாடி

கே: காய்ச்சலே இல்லாதபோது தினமும் பென்சிலின் எதற்கு என்று கேட்கிறார்கள்.

ப: வந்தபின் கொடுத்தால் மருந்து, வருமுன் கொடுத்தால் உயிர். 1986-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. தினம் இரண்டு வேளை பென்சிலின் சாப்பிட்ட குழந்தைகளுக்கு நியூமோகாக்கஸ் தொற்று 84 சதவீதம் குறைந்தது. தொடர்ந்து நடத்தத் தேவையில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். குறைந்தது ஐந்து வயது வரை கொடுக்க வேண்டும். நியூமோகாக்கல் தடுப்பூசியும் தவறக்கூடாது. உலகத்தின் மிக மலிவான மாத்திரைகளில் ஒன்று, ஒரு தலைமுறையைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

தமிழாசிரியை, குன்னூர்

கே: என் வகுப்பில் ஒரு பையன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர், அடுத்த ஐந்தில் பாத்ரூம். சிக்கிள் செல் என்று சாக்குச் சொல்கிறான்.

ப: சாக்கு இல்லை, டீச்சர், சத்தியம். இந்த நோயில் சிறுநீரகம் நீரைத் தேக்கி வைக்கும் திறனைச் சின்ன வயதிலேயே இழந்துவிடும். குடித்ததெல்லாம் வெளியே போகும். குடிக்காவிட்டால் ரத்தம் கெட்டிப்பட்டு வலி வரும். பாட்டிலை மேஜை மேல் வைக்கவும் கை தூக்காமல் வெளியே போகவும் அனுமதி கொடுங்கள். இரவில் படுக்கையை நனைத்தால் அதற்கும் இதுவே காரணம். பெற்றோரிடம் சொல்லி அடி விழாமல் பாருங்கள். குளிரில் பிரேயருக்கு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லும் பி.டி. மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை!

மளிகைக் கடைக்காரர், அவிநாசி

கே: மகனுக்கு ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து டானிக் எட்டு பாட்டில் போயிற்று, ஒரு புள்ளி ஏறவில்லை.

ப: எப்படி ஏறும்? இது இரும்பு குறைந்து வந்த சோகை இல்லை. அணு சீக்கிரம் உடைவதால் வந்த சோகை. உடையும் அணுவிலிருக்கும் இரும்பு உடம்பிலேயே தங்கும். அடிக்கடி ரத்தம் ஏற்றியவருக்கு இரும்பு ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும். ஃபெரிட்டின் பார்த்து, குறைவு என்று ரிப்போர்ட் சொன்னால் மட்டும் இரும்பு. தினம் வேண்டியது ஃபோலிக் அமிலம். எலும்பு மஜ்ஜை இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறது, அதற்குச் சரக்கு அதுதான்.

7, 8 என்பது இவர்களில் பலருக்கு வழக்கமான அளவு. அந்த எண்ணை மட்டும் பார்த்து ரத்தம் ஏற்ற நினைக்கும் டாக்டரிடம், “வழக்கமாகவே இவ்வளவுதான், சார்” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

பாட்டி, காரைக்குடி

கே: பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் கொடுத்தால் குணமாகுமா?

ப: குணமாகாது. ஆனால் பேரன் ருசித்துச் சாப்பிடுவான், கொடுங்கள். கூடவே மாத்திரையும் தண்ணீரும்.

வாசகர், விருதுநகர்

கே: கண் மஞ்சளாகவே இருக்கிறது. கீழாநெல்லி குடித்தும் போகவில்லை.

ப: கல்லீரல் கெட்டு வந்த காமாலைக்குத்தானே கீழாநெல்லி கேட்பார்கள்? இது உடைந்த சிவப்பணுக்களின் மஞ்சள். தொற்றாது, தட்டை ஒதுக்கி வைக்க வேண்டாம். இந்த மஞ்சள் சேர்ந்து சேர்ந்து பித்தப்பையில் கல்லாகும். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்றால் ஸ்கேன் எடுங்கள்.

கல்லூரி மாணவர், கோவை

கே: வலி என்று கேஷுவாலிட்டிக்குப் போனால், ‘நல்லாத்தானே நடந்து வந்தே, நடிக்கிறியா?’ என்கிறார்கள். ஊசி கேட்டால் போதைக்காரனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

ப: தம்பி, இந்த இதழில் எனக்குக் கோபம் வந்த கேள்வி இதுதான்.

வலியை அளக்க எக்ஸ்ரேயும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. நோயாளியின் வாய்தான் அளவுகோல். சின்ன வயதிலிருந்தே வலியோடு வாழ்ந்தவர்கள் அலறாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருப்பார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘வலி இல்லை’ என்று எழுதுவது வைத்தியம் ஆகாது.

பிரிட்டனின் வழிகாட்டு நெறி சொல்வது, ஆஸ்பத்திரிக்கு வந்த 30 நிமிஷத்துக்குள் வலி மருந்து. அங்கேயே அது நடக்கவில்லை என்பது வேறு விஷயம். 2019-ல் லண்டனில் 21 வயது இளைஞர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவசர எண் 999-ஐ அழைத்து ஆக்ஸிஜன் கேட்டார். இறந்துபோனார். அதன் பிறகு நாடாளுமன்றக் குழு விசாரித்து 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பு, ‘யாரும் கேட்பதில்லை’.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் நோயின் பெயர், வழக்கமான ஹீமோகுளோபின், எந்த மருந்து எவ்வளவு கேட்கும் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பர்ஸில் வையுங்கள். வாயை நம்பாதவர்களும் முத்திரையை நம்புவார்கள்.

அவருடைய அம்மா, கோவை

கே: மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவானோ என்று பயம்.

ப: டாக்டர் அளந்து, பார்த்து, வலி இறங்கியதும் குறைத்தால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் கூடவே வந்தால் மட்டும் பயப்படுங்கள். அது நுரையீரலைத் தாக்கும் அரிவாள். பெரியவர்களை அதிகம் கொல்லும் சிக்கல்களில் ஒன்று.

பெயரும் ஊரும் வேண்டாம் என்கிற இளைஞர்

கே: விடியற்காலையில் விறைப்பு வந்து அடங்காமல் வலிக்கிறது. யாரிடமும் சொல்ல வெட்கம்.

ப: அங்கேயும் ரத்தக்குழாய்தான், தம்பி, அங்கேயும் அதே அடைப்புதான். இந்த நோயில் ஆண்களுக்கு இது சகஜம். இரண்டு மணி நேரம் அடங்காவிட்டால் கிளம்புங்கள், நாலு மணி நேரம் தாண்டவே கூடாது. தாண்டினால் நிரந்தரச் சேதம். டாக்டருக்கு இது பாடப்புத்தகத்தில் இருக்கும் சங்கதி, உங்களுக்குத்தான் ரகசியம்.

இசை ரசிகர், புதுச்சேரி

கே: இந்த நோயோடு புகழ் பெற்றவர் யாராவது?

ப: ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ். இடுப்பு மூட்டு எலும்பு கெட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். தொடை எலும்பின் உச்சிக்கு ரத்தம் போகாமல் அது செத்துப்போவது இந்த நோயின் வழக்கமான கைவரிசை. இடுப்பு வலியோடு நொண்டும் இளைஞரை ‘வயசுப் பையனுக்கு என்ன மூட்டுவலி’ என்று கேட்பவர்கள் அவருடைய டிரம்பெட்டைக் கேட்கவும்.

வாசகி, நாமக்கல்

கே: ஹைட்ராக்சியூரியா புற்றுநோய் மருந்தாமே? என் மகளுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது.

ப: புற்றுநோய்க்கும் கொடுப்பார்கள், உண்மை. இங்கே வேலை வேறு. குழந்தையில் காவல் காத்த ஹீமோகுளோபின் எஃப் ஞாபகம் இருக்கிறதா? ஓய்வு பெற்றுப் போன அந்தக் காவலாளியை மறுபடி டியூட்டிக்குக் கூப்பிடுகிறது இந்த மாத்திரை. வலி குறையும், நுரையீரல் தாக்குதல் குறையும், ரத்தம் ஏற்றுவது குறையும்.

அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாட்டுக் குழந்தைகளிடம் நடந்த ‘ரீச்’ ஆய்வு 2019-ல் வெளியானது. வலி குறைந்தது, மலேரியா குறைந்தது, சாவும் குறைந்தது. பணக்கார ஆஸ்பத்திரி இல்லாமலே நடத்திக் காட்டினார்கள்.

மூன்று நிபந்தனை உண்டு. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் சோதிக்க வேண்டும். ஒரு வாரத்தில் பலன் தேடக்கூடாது, மாதங்கள் ஆகும். கல்யாணமாகிக் குழந்தை வேண்டும் என்ற கட்டம் வந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். வலி இல்லை என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் கவனிக்க: மாத்திரை இருப்பதால்தான் வலி இல்லை.

செவிலியர், தர்மபுரி

கே: ஏழு வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று வாய் கோணி, கை விழுந்துவிட்டது. குழந்தைக்கும் பக்கவாதமா?

ப: இந்த நோயில் ஆமாம். முன்கூட்டியே கவனிக்காவிட்டால் 20 வயதுக்குள் சுமார் 11 சதவீதம் பேருக்கு வரும். இரண்டு வயதிலிருந்து 16 வரை வருஷம் ஒருமுறை தலையில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால், மூளைக் குழாயில் ரத்தம் வேகமெடுப்பது முன்னாலேயே தெரிந்துவிடும். ஆபத்தானவர்களுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றித் தடுக்கலாம் என்று 1998-லேயே நிரூபித்தாயிற்று. ஊசி இல்லை, வலி இல்லை, அரை மணி வேலை. ஆனால் அந்த மெஷினும் அதைப் பார்க்கத் தெரிந்தவரும் தர்மபுரியில் இருக்க வேண்டும். நோயாளி சென்னைக்கு வருவது எளிதா, மெஷின் தர்மபுரிக்கு வருவது எளிதா?

நிறைமாதக் கர்ப்பிணியின் கணவர், ஓசூர்

கே: மனைவிக்கு நோய் உண்டு. வீட்டிலேயே பிரசவம் பார்த்தால் என்ன?

ப: என்னவா? இரண்டு உயிர்! பெரிய ஆஸ்பத்திரி, கைவசம் ரத்தம், பக்கத்தில் டாக்டர். இன்றைக்கே பேசி வையுங்கள்.

வாசகர், பெங்களூர்

கே: இந்தியாவில் உள்ள அரிவாள் செல் ‘லேசான வகை’ என்று படித்தேன்.

ப: இந்தியாவிலும் அரேபியாவிலும் காணப்படும் வகையில் ஹீமோகுளோபின் எஃப் பொதுவாக அதிகம், ஆப்பிரிக்க வகைகளைவிடச் சராசரியில் கடுமை குறைவு. ஆனால் சராசரி என்பவர் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. வருபவர் வலியோடு வருகிறார்.

ஐ.டி. ஊழியர், சென்னை

கே: முழுசாகக் குணமாக்க வழியே இல்லையா?

ப: இருக்கிறது, முக்கியமாக இரண்டு. ஒன்று எலும்பு மஜ்ஜை மாற்று. உடன்பிறந்தவரின் திசு பொருந்தினால் நல்லது, அதற்கு வாய்ப்பு நாலில் ஒன்று. இரண்டாவது கிறிஸ்பர் என்ற ஜீன் திருத்தம். நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, எஃப் ஹீமோகுளோபினை அடக்கி வைத்திருக்கும் ஜீனின் சுவிட்சை வெட்டிவிட்டு, திரும்ப உடம்பில் செலுத்துகிறார்கள். ‘காஸ்கெவி’ என்று பெயர். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்தது, டிசம்பரில் அமெரிக்கா. அமெரிக்காவில் அப்போது அறிவித்த விலை 22 லட்சம் டாலர். நம் காசில் 18 கோடிக்கு மேல்.

அபார விஞ்ஞானம், மனசாரக் கைதட்டுகிறேன். ஆனால் அரிவாள் செல்லோடு பிறக்கும் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே பிறக்கிறார்கள். அங்கே பல ஊர்களில் பென்சிலினே இன்னும் போய்ச் சேரவில்லை.

மருந்துப் பிரதிநிதி, திருநெல்வேலி

கே: ‘ஆக்ஸ்பிரைட்டா’ மாத்திரை என்ன ஆயிற்று?

ப: இந்த நோய்க்காக 2019-ல் வந்தது. 2024 செப்டம்பரில் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயரில் இருந்த பிரகாசம் ஆய்வில் இல்லை.

வாசகர், அரியலூர்

கே: இந்த நோயோடு எத்தனை வயது வரை வாழலாம்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ப: ஒளிக்கவில்லை. அமெரிக்காவில் 1973-ல் வந்த கணக்கு 14 வயது. 1994-ல் வந்தது ஆண்களுக்கு 42, பெண்களுக்கு 48. இருபது வருஷத்தில் இவ்வளவு தூரம் கொண்டுவந்தது அதிசய மருந்து எதுவும் இல்லை. ஹைட்ராக்சியூரியாவுக்கு அங்கே அனுமதி கிடைத்ததே 1998-ல்தான்! பிறந்ததும் சோதனை, பென்சிலின், தடுப்பூசி, காய்ச்சலுக்கு உடனே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

சமூக ஆர்வலர், உதகமண்டலம்

கே: 2047-க்குள் ஒழிப்போம் என்கிறதே மத்திய அரசு?

ப: 2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 17 மாநிலங்கள், தமிழ்நாடும் உண்டு. 40 வயதுக்குள் 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. நல்ல ஆரம்பம், மனதார வரவேற்கிறேன். ஒரே கேள்வி: சோதித்து, நோய் இருக்கிறது என்று அட்டை கொடுத்தவருக்கு, அடுத்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹைட்ராக்சியூரியா இருக்கிறதா? அட்டையைக் கரைத்துக் குடிக்க முடியாது.

நீலகிரியில் இதை ஏற்கெனவே செய்து காட்டியவர்கள் உண்டு. 1958-ல் டாக்டர் நரசிம்மன் கோத்தகிரியில் தொடங்கிய ஆதிவாசி நலச் சங்கம் ஒன்று. கூடலூரில் ‘அஸ்வினி’யின் ஆதிவாசி மருத்துவமனை இன்னொன்று, 1990 முதல். அங்கே நர்ஸாக நிற்பவர்களில் பலர் அதே பணியர், குறும்பர் வீட்டுப் பெண்கள். வலி என்று வருபவரிடம் அவர் மொழியிலேயே பேசுகிறார்கள்; நடிக்கிறாயா என்று கேட்பதில்லை. டெல்லி வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

தந்தை, அந்தியூர்

கே: மகனுக்கு அரசுச் சலுகை ஏதாவது உண்டா?

ப: 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் அரிவாள் செல் நோயும் ஒன்று. மாவட்ட மருத்துவ வாரியத்தில் சான்றிதழுக்கு மனுப் போடுங்கள். ‘கை கால் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று கவுண்ட்டரில் யாராவது சொன்னால், சட்டத்தின் அட்டவணையைப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை மறந்திருந்தால் நீங்களே படித்துக் காட்டுங்கள்.

வாசகி, கோத்தகிரி

கே: பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சிக்கிள் செல். அவனுக்கு வலி வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நான் என்ன செய்யட்டும்?

ப: கம்பளி போர்த்துங்கள். வெதுவெதுப்பாகக் குடிக்க நிறையக் கொடுங்கள். வலிக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸ் மட்டும் கூடவே கூடாது, குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும். டாக்டர் கொடுத்த மாத்திரை எந்த டப்பாவில் என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். அதில் அடங்கவில்லை, அல்லது காய்ச்சலோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், கூடவே போங்கள். கேஷுவாலிட்டியில் ‘சிக்கிள் செல், வலி’ என்று உரக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஆட்டோக்காரரிடம் பேரம் மட்டும் வேண்டாம்!